பேச்சு தாமதமாகும் குழந்தை: அரசு மையமா, தனியார் தெரபியா, வீட்டுப் பயிற்சியா, பிளே ஸ்கூலா?

"பையனுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை டாக்டர் தெரபி ஆரம்பியுங்கள் என்கிறார். மாமியார், இவன் அப்பாவும் மூன்று வயதுக்கு மேல்தான் பேசினான், சும்மா இரு என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள், பிளே ஸ்கூலில் விடுங்கள், நாலு பிள்ளைகளைப் பார்த்துத் தானாகப் பேசிவிடும் என்கிறார்கள். நாங்கள் எதைச் செய்வது?"

ஊரும் வயதும் மாறுமே தவிர, கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை மையம், தனியார் தெரபி மையம், வீட்டிலேயே பெற்றோர் வழியாகப் பயிற்சி, பிளே ஸ்கூல் அல்லது அங்கன்வாடி. இவற்றில் ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்பதில்லை. ஆனால் எதை முதலில் எடுப்பது, பணத்தையும் நேரத்தையும் எதில் கொட்டுவது என்பதில்தான் குழப்பம்.

பொறுத்துப் பார்ப்பது ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

தாமதமாகப் பேசத் தொடங்கித் தானாகவே சரியாகிவிடும் குழந்தைகள் உண்டு. மாமியார் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் உங்கள் குழந்தை அந்த வகையா என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தானாகப் பேசியிருக்கக்கூடிய குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. உதவி தேவைப்படும் குழந்தையை மூன்றரை வயது வரை சும்மா வைத்திருந்தால் போன காலம் போனதுதான்.

ஒரு வயதில் மழலை ஒலிகளே இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் "அப்பா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போனால் எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும்.

பேச்சோடு இன்னொன்றையும் கவனியுங்கள். தெருவில் பஸ் போகிறது. குழந்தை பஸ்ஸை விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? வார்த்தை இல்லாவிட்டாலும் இதைச் செய்யும் குழந்தையின் நிலை வேறு. வேண்டியதை எடுக்க உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் விட்டு, முகத்தை ஏறெடுத்தும் பார்க்காத குழந்தையின் நிலை வேறு. இரண்டாவது என்றால், மற்றவரோடு தொடர்புகொள்வதைப் பாதிக்கும் வளர்ச்சி நிலையான ஆட்டிசத்துக்கான பரிசோதனையும் தேவை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு, தமிழிலும் இருக்கிறது. அது சந்தேகத்தை எழுப்பும் கருவிதான், முடிவைச் சொல்லும் கருவி இல்லை.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வருகிறதே என்று காது பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் நிறைய. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். ஓஏஇ, பெரா இரண்டும் வலியில்லாத காது சோதனைகள். அதை முடிக்காமல் தெரபிக்குப் பணம் கட்டாதீர்கள்.

எதை வைத்து எடை போடுவது

பெற்றோர் வழக்கமாகக் கேட்பது இரண்டு: கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் பேசுவான். இரண்டாவதற்கு நேர்மையான தெரபிஸ்ட் யாரும் தேதி சொல்ல மாட்டார். நான் கேட்கச் சொல்வது வேறு.

குழந்தை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்றால், வாரத்துக்கு 84 மணி நேரம். வாரம் மூன்று முறை 45 நிமிடத் தெரபி என்றால், அதில் இரண்டேகால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் உங்களோடுதான். ஆகவே முதல் அளவுகோல், அந்த இரண்டேகால் மணி நேரத்தில் நடப்பது மீதி 80 மணி நேரத்துக்குள் வருமா என்பது. இதைச் சுருக்கமாகக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "செஷன் நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா?"

அடுத்தது, யார் கையில் குழந்தையைக் கொடுக்கிறீர்கள், அவர் படித்தது என்ன. மூன்றாவது, இதை இரண்டு வருடம் உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா. முதல் இரண்டு மாதம் வேகமாக ஓடிவிட்டு நிறுத்துவதைவிட, சின்னதாக இருந்தாலும் நிற்காமல் நடப்பது மேல். நான்காவது மொழி. தமிழ் பேசும் வீட்டில், பாட்டியோடு தமிழில் வளரும் குழந்தையிடம் மையத்தில் "கலர்ஸ்", "ஷேப்ஸ்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அது வீட்டில் வந்து எதைக் கேட்கும்? இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இதுவேதான். "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் தாராளமாக மறுக்கலாம். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால் அம்மா பேசுவதையே குறைத்துவிடுவார், அவ்வளவுதான் நடக்கும்.

அரசு மையம்

ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தை நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன்கீழ் மாவட்ட அளவில், பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ, டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. குழந்தை மருத்துவர், காது-பேச்சு நிபுணர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் எந்த பிளாக் என்று விசாரிக்க, ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் "டி.இ.ஐ.சி. எங்கே" என்று கேட்டாலே போதும்.

நடைமுறையில் எல்லாப் பணியிடமும் எல்லா மாவட்டத்திலும் நிரம்பியிருப்பதில்லை. கூட்டம் அதிகமான இடங்களில் வாரத்துக்கு ஒரு செஷன் கிடைப்பதே பெரிது, அதுவும் அரை மணி நேரத்தில் முடியலாம். காலை வரிசையில் நின்று, நாலு இடத்தில் சீட்டில் எழுதி வாங்கி, தெரபி அறைக்குள் நுழையும்போது குழந்தை களைத்துப்போய் அழுதுகொண்டிருக்கும். இலவசம் என்பதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் விலை. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சின்ன விலை இல்லை.

அப்படியிருந்தும், முதல் படி இங்கேதான் என்பேன். காது, கண், வளர்ச்சி எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கப்பட்டு ஓர் அறிக்கை கையில் வந்துவிடும். பின்னால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்க அந்த அறிக்கை உதவும். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் சான்றுக்கான 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் கொடுப்பார்கள். "சான்று வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள்" என்று தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. வேண்டாத இடத்தில் அதைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு அது தேவை. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில், ஓர் உள்வரம்புக்குள் தெரபிச் செலவும் அடங்கும். பழைய வரிமுறையில் இருக்கும் பெற்றோருக்கு வருமான வரிக் கழிவும் உண்டு.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் என்ற தேசிய நிறுவனம் இன்னொரு வாசல். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. வட்டார வள மையங்களில் பள்ளிக்கல்வித் துறையின் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளி வயது வராத குழந்தைகளையும் அவர்களிடம் பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போகும் முன் ஒருமுறை அங்கே கேட்டுப் பாருங்கள்.

தனியார் தெரபி மையம்

நல்ல தெரபிஸ்ட் கிடைத்தால் இதற்கு இணை இல்லை. சிக்கல், நல்ல தெரபிஸ்டும் நல்ல போர்டும் ஒரே கடையில் இருப்பார்கள் என்று நம்ப முடியாததுதான். இப்போது சின்ன ஊர்களில்கூட மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஊஞ்சலும் வண்ணப் பந்துகளும் போட்டு, "சைல்டு டெவலப்மென்ட் சென்டர்" என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு-செவியியலில் பட்டம் பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சிறப்பாசிரியருக்கும் அந்தப் பதிவு உண்டு. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு (ஓ.டி.) தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் அதைச் சுவரிலேயே மாட்டியிருப்பார். பெரிய பெயர் போட்ட மையத்தில் உரிமையாளருக்குப் பதிவு இருந்து, குழந்தையோடு தினமும் உட்காருபவர் மூன்று மாதப் பயிற்சி முடித்த பெண்ணாக இருப்பதும் உண்டு. உட்காரப்போகிறவரின் பெயரைக் கேளுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு செஷனுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஸ்பீச் மூன்று, ஓ.டி. இரண்டு என வாரம் ஐந்து செஷன்களுக்கு 3,000. மாதம் 12,000-க்கு மேல். பெருநகரத்தில் இதைவிடக் கூடும். ஆட்டோ தனி. மூத்த பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவர இன்னொருவர் வேண்டும். இத்தனைக்கும் மேல் பல வீடுகளில் அம்மா வேலையை விட்டுவிடுகிறார், அந்தச் சம்பளத்தை யாரும் தெரபிச் செலவில் சேர்ப்பதில்லை. தெரபிஸ்ட் அடிக்கடி மாறினால் புதியவரிடம் பழகுவதற்கே சில வாரங்கள் போகும். அந்த வாரங்களுக்கும் கட்டணம் உண்டு.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள் சில. ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம் என்று உத்தரவாதம் தருபவர்கள். ஒரு வருடப் பணத்தை முன்பணமாகக் கேட்பவர்கள். "நீங்கள் உள்ளே இருந்தால் குழந்தை அழும், வெளியே சிசிடிவியில் பாருங்கள்" என்று எப்போதும் சொல்பவர்கள். முதல் ஓரிரு நாள் அப்படிச் சொன்னால் சரி, மாதக்கணக்கில் என்றால் சரியில்லை. ஸ்டெம் செல் ஊசியைப் பற்றிப் பேசுபவர்களிடம் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்பதை ஏற்கவில்லை. நிலத்தை விற்று அதற்குப் பணம் கட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் கொடுமை.

எப்போது தனியாரே சரி? வாயசைவை ஒருங்கிணைப்பதில் சிக்கல், மெல்லவோ விழுங்கவோ சிரமம், பேசிய வார்த்தைகளை இழந்த நிலை போன்றவற்றுக்கு வாரம் ஒரு முறை போதாது. அரசு மையத்தில் அடிக்கடி நேரம் கிடைக்காவிட்டால் தனியாரிடம் போகத்தான் வேண்டும். கைச்செலவுக்கு இரண்டு செஷன்தான் முடியும் என்றால், சுமாரான ஐந்தைவிட நல்ல இரண்டு மேல். அந்த இரண்டிலும் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும்.

வீட்டிலேயே, பெற்றோர் வழியாக

காசில்லாதவர்களின் மாற்று வழி என்று இதை நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பிரிட்டனில் உருவான, பெற்றோர் வழியே நடக்கும் ஒரு பயிற்சி முறையை நம் சூழலுக்கு மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, அதற்கெனத் தயார் செய்யப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். 12 செஷன்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்பப் பதில் தருவதும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடின. எல்லா அளவீட்டிலும் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கென ஒரு பயிற்சி வைத்திருக்கிறது: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டு வருகைகள்.

வீட்டில் என்ன செய்வது என்பதற்கு ஓர் உதாரணம். முறுக்கை மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் போட்டு, குழந்தையின் கைக்கே கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டும். உடனே திறக்காதீர்கள். குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, டப்பாவைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த ஐந்து எண்ணுவதுதான் பெற்றோருக்கு மிகக் கடினம். குழந்தை உங்களைப் பார்த்தாலோ, "ம்" என்றாலோ, மூடியைத் தட்டினாலோ அதுவே கேட்டதற்குச் சமம். "தெற" என்று ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்லித் திறந்து, ஒரே ஒரு துண்டு கொடுத்துவிட்டு மறுபடி மூடுங்கள். முழு முறுக்கையும் கொடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "சொல்லு, முறுக்குன்னு சொல்லு, அப்பதான் தருவேன்" என்று மிரட்டினால் குழந்தை டப்பாவை விட்டுவிட்டுப் போய்விடும். குளிக்கும்போது மக், செருப்பு மாட்டும்போது "கால்", ஊஞ்சலில் "போ" என்று இப்படி நாள் முழுக்க வாய்ப்பு இருக்கிறது. தனியாக மேசை, நாற்காலி, ஃபிளாஷ் கார்டு எதுவும் வாங்க வேண்டாம்.

வார்த்தை வரத் தாமதமாகும் குழந்தைக்குப் படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. படம் காட்டப் பழகினால் பேச்சு வராமல் போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

இதன் விலை முழுக்க அம்மாவின் தலையில் இறங்குவதுதான் பெரிய குறை. வீட்டு வேலை, மாமனாரின் மருந்து, மூத்தவளின் ஹோம்ஒர்க், இதற்கிடையில் தெரபிஸ்டும் நீயே என்றால் எத்தனை நாள் தாங்கும்? முன்னேற்றம் நின்றுபோனால் "நான் சரியாகச் செய்யவில்லையோ" என்ற குற்ற உணர்ச்சி வேறு. அப்பாவுக்கு ஒரு வேளை, தாத்தாவுக்கு ஒரு வேளை என்று முதல் வாரத்திலேயே பிரித்துவிட வேண்டும். இன்னொரு ஆபத்து, வழிகாட்ட யாரும் இல்லாமல் யூடியூப்பைப் பார்த்துச் செய்வது. மாதம் ஒரு முறையாவது தெரிந்தவர் ஒருவர் நேரிலோ வீடியோ காலிலோ நீங்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். ஆன்லைன் தெரபிக்கு நான் கொடுக்கும் மதிப்பு இந்த அளவுக்குத்தான். மூன்று வயதுக் குழந்தையைத் திரை முன் உட்காரவைத்து நடத்தும் வகுப்பில் பெரும்பாலும் பயனில்லை, அதே நேரத்தில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தால் பயன் உண்டு.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. ஆனால் போன் ஓடும் நேரத்தில் யாரும் குழந்தையோடு பேசுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல்.

பிளே ஸ்கூல், அங்கன்வாடி

மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவான் என்ற வாதம் ஒரு நிபந்தனையோடு சரி: குழந்தைக்குப் பார்த்துச் செய்யும் பழக்கம் இருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கைதட்டினால் தானும் தட்டுகிற, அவர்கள் ஓடினால் பின்னால் ஓடுகிற குழந்தைக்குப் பள்ளி உதவும். ஒரு மூலையில் கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தை, 25 பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் இருக்கும் வகுப்பிலும் அதே மூலையைத்தான் தேடும். தொந்தரவு தராத குழந்தை என்று நல்ல பெயரும் வாங்கிவிடும். பெற்றோருக்கு ஒரு வருடம் போய்விட்டதே தெரியாது.

பிளே ஸ்கூலா அங்கன்வாடியா என்றால், என் ஓட்டு பல வீடுகளுக்கு அங்கன்வாடிக்கு. நடந்து போகும் தூரம், தமிழ்ப் பேச்சு, மதியச் சாப்பாடு, கட்டணம் இல்லை. ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கே வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பிளே ஸ்கூலில் ஏ ஃபார் ஆப்பிள் ஒப்பிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் எழுத்தையும் எண்ணையும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அதைப் பேச்சு என்று எண்ணி நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

எந்த வீட்டுக்கு எது

பேச்சு மட்டும் தாமதம், மற்றபடி கண்ணைப் பார்க்கிறது, விரலால் காட்டுகிறது, விளையாடுகிறது என்றால்: காது பரிசோதனை, அரசு மையத்தில் ஒரு மதிப்பீடு, வீட்டுப் பயிற்சி, கூடவே அங்கன்வாடி. மூன்று மாதத்தில் அசைவு தெரியாவிட்டால் ஸ்பீச் தெரபியைச் சேர்க்கலாம்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், குழந்தை பாட்டியோடு இருக்கிறது என்றால், தெரபி அறைக்குள் உட்கார வேண்டியவர் பாட்டி. லீவு போட்டு அம்மா போய்விட்டு, மாலையில் பாட்டிக்கு ஒப்பிப்பதால் பாதிதான் போய்ச் சேரும்.

கிராமத்தில் இருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியவர்கள் வாரம் மூன்று முறை அலைவதை நான் சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு முறை போய், செய்ய வேண்டியதைப் போனில் வீடியோவாக எடுத்துவந்து வீட்டில் செய்வது நடக்கும் காரியம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் போல, கிராமங்களுக்கே பணியாளர்களை அனுப்பும் தொண்டு நிறுவனங்கள் அருகில் இருந்தால் அதை முதலில் பிடியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு தொடங்கியுள்ள விழுதுகள் சேவை மையம் உங்கள் வட்டாரத்துக்கு வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள்.

ஆட்டிசம் உறுதியாகி, குழந்தைக்கு மூன்று வயது, அப்பா வெளிநாட்டில், அம்மா தனியாக இருக்கிறார் என்றால், இங்கே மட்டும் கட்டணத்தைப் பார்க்காமல் முதல் ஆறு மாதம் நல்ல தனியார் மையத்தைச் சொல்வேன். அந்த அம்மாவுக்கு முதலில் கூட ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அப்பா பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், வாரம் ஒரு செஷனை வீடியோ காலில் பார்க்கட்டும். லீவில் வரும்போது டப்பா மூடியை எப்போது திறக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.